60 வருஷமாக ஒன்றும் ஆகாத மண் அணையை எப்படிப் பராமரிப்பது?

படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கிராமங்களை வெள்ளத்திலிருந்து காக்க 1960களில் ஓடையின் குறுக்கே கட்டிய மண் அணை, உயரம் சுமார் 11 மீட்டர். வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் அடியில் கொஞ்சம் தண்ணீர்தான் நிற்கும். பெருமழை பெய்தால் வெள்ளத்தைப் பிடித்துவைத்து, கரைக்கு அடியில் போகும் குழாய் வழியாக மெதுவாக வெளியே விடும். இப்போது வெளிப்பக்கச் சரிவில் மரங்கள் வளர்ந்துவிட்டன. குழாய் வெளியே வரும் இடத்துக்குப் பக்கத்தில் எப்போதும் ஈரம். பராமரிப்புக் குழுவில் சிலர் "60 வருஷமாக ஒன்றும் ஆகவில்லையே" என்கிறார்கள். வேறு சிலர் ஈரத்தைக் களிமண் போட்டு அடைத்துவிடலாம் என்கிறார்கள். பணம் குறைவு, எதில் தொடங்குவது என்று கேட்கிறீர்கள்.

அந்த "ஒன்றும் ஆகவில்லையே" என்ற பேச்சிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் கடிதத்தில் ஈரத்தைவிட என்னை அதிகமாகக் கவலைப்பட வைத்தது அதுதான். பாசனத்துக்குக் கட்டிய அணை ஏறக்குறைய வருஷா வருஷம் நிரம்பும். கரையில் கோளாறு இருந்தால் ஏதாவது ஒரு வருஷம் அது தலைகாட்டிவிடும். வெள்ளத்தடுப்பு அணைக்கு அந்த வாய்ப்பே கிடையாது. உங்கள் அணையில் இந்த 60 வருஷத்தில் தண்ணீர் அதிகபட்சம் எந்த உயரம் வரை ஏறியது என்று பழைய ஆட்களைக் கேட்டுப் பாருங்கள். பாதி உயரத்தைத் தாண்டியதில்லை என்று பதில் வந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். அப்படியென்றால் மேல் பாதிக் கரை இன்றுவரை தண்ணீரைத் தாங்கிப் பார்த்ததே இல்லை.

மண் அணையின் வாழ்க்கையில் ஆபத்து மிகுந்த காலம் முதல் தடவை நிரம்பும்போதுதான். புனே அருகே பான்ஷெட் அணை 1961 ஜூலை 12 அன்று உடைந்தது, வேலை முழுதாக முடியாமல் முதல் மழைக்காலத்தில் நிரம்பிக்கொண்டிருந்தபோது. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் டீட்டன் அணை 1976 ஜூன் 5 அன்று உடைந்தது, அதுவும் முதல் நிரப்பில். காலையில் கலங்கலாகக் கசிவு தெரிந்தது, நண்பகல் ஆவதற்குள் கரை போய்விட்டது. அது 90 மீட்டருக்கு மேல் உயரமான அணை. உங்கள் அணைக்கு முதல் நிரப்பு இன்னும் வரவில்லை, 60 வயதில் வரப்போகிறது. வேர் ஓடிய, குழாய் பழசாகிப்போன நிலையில், மாதக்கணக்கில் நிதானமாக இல்லாமல் ஒரே இரவில் வரப்போகிறது. நீங்கள் செய்யும் பராமரிப்பு எல்லாமே அந்த ஒரு இரவுக்கான ஏற்பாடு என்று எடுத்துக்கொண்டால் எதை முதலில் செய்வது என்பது தானாகத் தெளிவாகும்.

பெரிய மண் அணைகள் உடைந்த கணக்கைப் பார்த்தால், தண்ணீர் கரைக்கு மேலாக வழிந்து உடைந்தவையும், கரைக்குள்ளோ அடியிலோ அரித்து உடைந்தவையும் கிட்டத்தட்ட சரிபாதி. சரிவு சறுக்கி உடைந்தவை நூற்றுக்குச் சில மட்டுமே. உள் அரிப்பை முதலில் சொல்கிறேன், உங்கள் ஈரம் அந்தக் கணக்கில் வருகிறது.

எல்லா மண் அணையிலும் தண்ணீர் கசியும். கசிவே இல்லாத மண் கரை உலகத்தில் இல்லை. கேட்க வேண்டிய கேள்வி, வெளியே வரும் தண்ணீர் மண்ணையும் கூட்டிக்கொண்டு வருகிறதா என்பது. வந்தால், வெளியேறும் வாயில் ஒரு சிறு துளை உண்டாகும். அந்தத் துளை பின்னோக்கி, தண்ணீர் நிற்கும் பக்கத்தை நோக்கி வளரும். வளர வளரத் தண்ணீர் மண்ணுக்குள் கடக்க வேண்டிய தூரம் குறையும், வேகம் கூடும், இன்னும் மண் போகும். கடைசிக் கட்டம் சில மணி நேரத்தில் முடிந்துவிடும்.

அதனால் அந்த ஈரத்தைத் தயவுசெய்து களிமண்ணால் அடைக்காதீர்கள். வாயை அடைத்தால் உள்ளே இருக்கும் தண்ணீரின் அழுத்தம் குறையாது, கூடும். பத்தடி தள்ளி, நீங்கள் பார்க்காத இடத்தில் அது வேறு வாய் தேடிக்கொள்ளும். செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிர்: தண்ணீர் வரட்டும், மண் மட்டும் வராமல் பிடித்து நிறுத்த வேண்டும். அதற்குத்தான் மணல் வடிகட்டி. கழுவிய, கான்கிரீட்டுக்குப் போடுகிற தரமுள்ள மணல் முதல் அடுக்கு, அதன் மேல் சரளை, அதன் மேல் கல். ஒவ்வொரு அடுக்கும் தனக்குக் கீழே இருப்பதைப் பிடித்து வைக்கும். மண்ணின் துகள் அளவுக்கு ஏற்ற மணலை எடுக்க வேண்டும், அதனால் நிரந்தர வேலைக்குப் பொறியாளர் கணக்குப் போட்டுத் தரட்டும். ஆனால் மணலும் சரளையும் ஒரு குவியலாகக் கரையருகே எப்போதும் தயாராக இருக்க வேண்டும். வெள்ள இரவில் போய்த் தேட முடியாது.

அடுத்த வாரமே ஒரு காலையில் அந்த ஈரம் இருக்கும் இடத்துக்குப் போங்கள். மழை பெய்து ஒரு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். சுற்றிலும் புல் காய்ந்து கிடக்க, ஒரு பாய் விரிக்கிற அளவு இடத்தில் மட்டும் புல் பச்சைப்பசேலென்று இருக்கும், நடுவில் கோரை முளைத்திருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றால் கால் எங்கே புதைகிறது, எங்கே சில்லென்று இருக்கிறது என்று தெரியும். புல்லைக் கத்தரித்துவிட்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து 10 நிமிஷம் பாருங்கள். தண்ணீர் ஊறுகிற புள்ளியில் மணல் துகள்கள் குதித்துக் குதித்து அடங்கும் இடம் இருக்கிறதா? அதைச் சுற்றிச் சின்ன எரிமலை வாய் போல மண் வளையம் கட்டியிருக்கிறதா? இருந்தால் அன்றைக்கே பொறியாளருக்குச் சொல்ல வேண்டிய விஷயம் அது. இல்லையென்றாலும் ஒரு கண்ணாடி பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்து, தேதி எழுதி, ஒரு இரவு அசையாமல் வையுங்கள். காலையில் அடியில் படிவு இருந்தால் கரையின் மண் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போகிறது என்று கொள்ள வேண்டும்.

அப்புறம் அளவு. கசிவை ஒரு சின்ன வாய்க்காலில் சேர்த்து, நடுவில் ஆங்கில வி எழுத்து வடிவில் 90 டிகிரி வெட்டிய ஒரு தகட்டைக் குறுக்கே நிறுத்துங்கள். வெட்டின் அடிப்புள்ளிக்கு மேலே தண்ணீர் 5 செ.மீ. நின்றால் வினாடிக்கு முக்கால் லிட்டர் அளவு போகிறது. 10 செ.மீ. நின்றால் 4 லிட்டருக்குச் சற்று மேல். உயரம் இரண்டு மடங்கானால் நீர் ஐந்தரை மடங்குக்கு மேல் ஆகிறது, அதனால் சின்ன மாற்றமும் அளவுகோலில் நன்றாகத் தெரியும். தகடு வைக்க முடியாவிட்டால் ஒரு வாளியும் கடிகாரமும் போதும். அளக்கும்போதெல்லாம் அணையில் அன்று தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது, முந்தைய நாட்களில் மழை பெய்ததா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நீர்மட்டம் ஏறினால் கசிவு கூடுவது இயல்பு. அதே நீர்மட்டத்தில் போன வருஷத்தைவிடக் கூடியிருந்தால் உள்ளே ஏதோ மாறியிருக்கிறது. திடீரென்று குறைந்திருந்தாலும் சந்தோஷப்பட வேண்டாம், வேறு எங்கோ வழி கிடைத்திருக்கலாம்.

உங்கள் ஈரம் குழாயின் வாயருகே இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. மண் கரையில் மிகப் பலவீனமான இடம் குழாயை ஒட்டிய மண்தான். வட்டக் குழாயின் அடிப்பக்க வளைவில் மண்ணை நன்றாக இறுக்க முடியாது, அதை ஒட்டித் தண்ணீர் வழி கண்டுபிடிக்கும். அந்தக் காலத்தில் அதைத் தடுக்கக் குழாயைச் சுற்றிக் கான்கிரீட் தட்டுகள் போட்டார்கள். அந்தத் தட்டுகளே மண்ணை இறுக்கவிடாமல் இடைஞ்சல் செய்தன என்பது பிறகுதான் புரிந்தது. இப்போது அவற்றுக்குப் பதிலாகக் குழாயைச் சுற்றி மணல் வடிகட்டி வைக்கிறார்கள். அமெரிக்காவில் கொலராடோவில் 1903இல் கட்டிய லான் லேக் அணை 1982 ஜூலை 15 அன்று உடைந்து 3 பேர் இறந்தார்கள். குழாயும் வால்வும் சேரும் இணைப்பில் அடைத்திருந்த ஈயம் பழசாகி விட்டுப்போக, தண்ணீர் அந்த வழியே கரைக்குள் பாய்ந்து மண்ணை அரித்தது என்பது விசாரணையின் முடிவு. கிட்டத்தட்ட 80 வருஷம் ஒன்றும் ஆகாத அணை அது.

உங்கள் குழாய் கான்கிரீட்டா, நெளி தகடா என்று நீங்கள் எழுதவில்லை. நெளி தகடு என்றால் அதன் ஆயுள் 25 முதல் 50 வருஷம்தான், எப்போதோ முடிந்துவிட்டது. எதுவானாலும் உள்ளே கேமரா அனுப்பிப் பார்த்துவிடுங்கள். இருக்கும் பணத்தில் முதல் செலவு இதுவாக இருக்கட்டும். ஆளை உள்ளே தவழ விடாதீர்கள், காற்று கெட்டிருக்கும், குழாயும் உறுதியாக இருக்காது. கேமராவில் பார்க்க வேண்டியவை: இணைப்பு விலகியிருக்கிறதா, அடித்தகடு துருப்பிடித்து ஓட்டையாகியிருக்கிறதா, பக்கவாட்டிலிருந்து தண்ணீரோ மண்ணோ உள்ளே வருகிறதா. அதே நாளில் கரை மேல் குழாய் போகும் கோட்டை ஒட்டி நடந்து, தரை எங்காவது குழிந்திருக்கிறதா என்று பாருங்கள். மேலே ஒரு குழி இருந்தால் அந்த மண் கீழே குழாய்க்குள் போய்விட்டது என்று பொருள். குழாய் கெட்டிருந்தால் கரையை முழுதாக வெட்டிப் புதுக் குழாய் வைக்கலாம், அல்லது பழைய குழாய்க்குள் சிறிய குழாயைச் செருகி இடைவெளியைச் சிமெண்ட் கூழால் நிரப்பலாம். இரண்டாவது வழி செலவு குறைவு. ஆனால் குழாய் சுருங்குவதால் வெள்ளம் வடிய அதிக நேரம் ஆகும், அணையில் தண்ணீர் இன்னும் உயரமாக ஏறும். அந்தக் கணக்கைப் போடாமல் இறங்கக் கூடாது. குழாயின் வெளிப்புறத்தில் ஏற்கெனவே ஓட்டம் இருந்தால் உள்ளே செருகுவது மட்டும் போதாது, வெளிமுனையில் வடிகட்டியும் வேண்டும்.

சரி, மரங்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கெல்லி பார்ன்ஸ் அணை 1977 நவம்பர் 6 அதிகாலை இருட்டில் உடைந்து 39 பேர் உயிரிழந்தார்கள். செங்குத்தான வெளிச்சரிவு, அதில் வளர்ந்த மரங்கள், கரைக்குள் கசிவு என்று பல காரணங்கள் அங்கே சேர்ந்திருந்தன. மரத்தால் இரண்டு கேடு. புயலில் வேரோடு சாய்ந்தால் ஒரு வண்டி மண்ணைப் பெயர்த்துக்கொண்டு போகும். செத்துப்போனால் வேர் மட்கி, அது இருந்த இடமெல்லாம் தண்ணீர் ஓடத் தோதான குழல்களாகும். அதனால்தான் பெரிய மரத்தை வெட்டிவிட்டு அடிக்கட்டையை அப்படியே விடுவதும் தப்பு. கை மணிக்கட்டு அளவுள்ள செடிகளை இப்போதே தரையோடு வெட்டுங்கள், மறுபடி துளிர்க்க விடாதீர்கள். பெரிய மரங்களை அணை வறண்டிருக்கும் காலத்தில் ஒவ்வொன்றாக எடுத்து, கட்டையையும் பருத்த வேர்களையும் தோண்டி, குழியைப் படிப்படியாக வெட்டி, அதே வகை மண்ணை மெல்லிய அடுக்குகளாகப் போட்டு இறுக்க வேண்டும். கரையின் அடியிலும் குழாய்க்குப் பக்கத்திலும் நிற்கும் மரங்களை மட்டும் பொறியாளர் இல்லாமல் தொடாதீர்கள். அடிவாரத்துக்கு அப்பால் 7, 8 மீட்டர் வரை மரம் இல்லாமல் இருந்தால் நல்லது. சரிவு முழுக்கக் கட்டையான புல் இருக்கட்டும். அது அரிப்பைத் தடுக்கும், எலி வளையும் விரிசலும் கண்ணுக்குத் தெரியும்.

எலி, முயல் போன்றவை தோண்டிய வளைகளை மண்வெட்டியால் மேலாக மூடிவிட்டு வந்துவிடாதீர்கள். ஒன்பது பங்கு மண், ஒரு பங்கு சிமெண்ட், தண்ணீர் கலந்து கூழாக்கி, வளை வாயில் ஒரு குழாயை நிறுத்தி, இனி இறங்காது என்னும் வரை ஊற்ற வேண்டும்.

விரிசலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் வறண்டு கிடக்கும் அணைக்கு இதுதான் தனிக் கோளாறு. ஈரமே படாத களிமண் காய்ந்து சுருங்கும், கரை வெடிக்கும். கரையின் நீளவாக்கில் போகும் விரிசலைவிட, தண்ணீர்ப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் வரை குறுக்கே போகும் விரிசல் மிகவும் ஆபத்து. நீண்ட வறட்சிக்குப் பிறகு வெள்ளம் ஒரே நாளில் ஏறும்போது, களிமண் ஊறி விரிசல் மூடிக்கொள்ள அவகாசம் இருக்காது. அமெரிக்காவின் அரிசோனாவில், பாலைநிலத்து வெள்ளத்தடுப்பு அணைகளில் இப்படிக் குறுக்கு விரிசல்கள் கண்டதும், கரையின் நடுவில் நீளவாக்கில் அகழி வெட்டி வடிகட்டி மணலை நிரப்பினார்கள். விரிசலை ஒட்ட வைக்கும் முயற்சியே இல்லை. விரிசல் வழியே தண்ணீர் வந்தாலும் மண் அந்த மணலைத் தாண்டிப் போகாது. நீங்கள் இப்போதைக்குச் செய்யக்கூடியது, குறுக்கு விரிசலில் சுண்ணாம்புத் தண்ணீரை ஊற்றி, பக்கத்தில் ஒரு சிறு குழி தோண்டி, வெள்ளைக் கோடு எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்ப்பது. ஒரு மீட்டரைத் தாண்டினால் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

அதோடு இன்னொரு எளிய சோதனை. கரை மண்ணில் சுண்டைக்காய் அளவு ஒரு கட்டியை, அதன் இயல்பான ஈரத்தோடு, ஒரு கண்ணாடிக் குவளை காய்ச்சி வடித்த நீரில் மெதுவாகப் போடுங்கள். கட்டி உதிர்ந்து குவியலாக விழுந்தால் பரவாயில்லை. பால் கலந்தது போலக் கட்டியைச் சுற்றி மேகம் பரவினால், அது தண்ணீரில் தானாகவே கரைந்து போகும் வகைக் களிமண். அந்த மண்ணால் கட்டிய கரையில் முடி அளவு விரிசலும் சில மணி நேரத்தில் சுரங்கமாகும். மேகம் வராததை மட்டும் வைத்து நிம்மதியாகிவிடாதீர்கள், பல இடங்களில் மண் எடுத்துப் பாருங்கள்.

இனி கரைக்கு மேலாக வழிவது. கரை உச்சியை மட்டக்கருவி வைத்து, 10 மீட்டருக்கு ஒரு புள்ளியாக அளந்துவிடுங்கள். 60 வருஷத்தில் கரை ஒரே சீராக அமுங்கியிருக்காது, நடுவில் அதிகம் இறங்கியிருக்கும். ஆடுமாடும் வண்டியும் ஏறி இறங்கும் இடம் தேய்ந்திருக்கும். 15 செ.மீ. பள்ளம் ஒன்று இருந்தால் வழியும் தண்ணீர் முழுக்க அந்த ஒரே இடத்தில் சேர்ந்து கரையைப் பிளக்கும். அதை நிரப்புவது ஒரு வாரத்து வேலை.

கலிங்கை, அதாவது மிஞ்சிய வெள்ளம் கரையைத் தொடாமல் வெளியேறும் வழியை, அதே நாளில் போய்ப் பாருங்கள். கரையின் ஓரத்தில் புல் வளர்ந்த அகலமான பள்ளமாக இருக்கும். பல வருஷமாகத் தண்ணீர் போகாததால் யாராவது அதில் வேலி போட்டிருப்பார்கள், வைக்கோல் அடுக்கியிருப்பார்கள், கொஞ்சம் அதிகத் தண்ணீர் தேங்கட்டும் என்று அரை மீட்டர் மண் வரப்புகூடக் கட்டியிருப்பார்கள். அந்த வரப்பு உங்கள் அணையின் உயிரை எடுத்துவிடும். அணைத் தண்ணீர் குழாய்க்குள் இறங்கும் மதகுக் கிணற்றின் வாயில் இருக்கும் கம்பித் தடுப்பில் சருகும் கிளையும் அடைத்தாலும் அதே கதிதான். குஜராத்தில் மச்சு 2 அணை 1979 ஆகஸ்ட் 11 அன்று உடைந்ததும் இப்படித்தான். கணக்கிட்டதைவிட மிகப் பெரிய வெள்ளம் வந்து, நீர் மண் கரையைத் தாண்டி வழிந்து, மோர்பி நகரமே மூழ்கியது.

உங்கள் அணையின் பழைய கணக்கும் இன்றைக்குப் பொருந்தாது. வண்டல் படிந்து கொள்ளளவு குறைந்திருக்கும். பெய்கிற மழை மாறியிருக்கிறது. முக்கியமாக, அணையை நம்பிக் கீழே வீடுகள் வந்திருக்கும். அன்றைக்கு இருந்த ஊரையும் வயலையும் காக்கத்தான் கட்டினார்கள், அந்த அளவு மழைக்குத்தான் கலிங்கும் வெட்டினார்கள். அமெரிக்காவில் 1948 முதல் இதே வகையில் ஏறக்குறைய 11,800 சிற்றணைகள் கட்டினார்கள், பெரும்பாலானவை 50 வருஷ ஆயுளுக்கு. அவற்றில் பலவற்றுக்கு இன்று இதே சிக்கல்: அணை அப்படியே இருக்கிறது, கீழே வயல் இருந்த இடத்தில் வீடு இருக்கிறது. லிபியாவின் டெர்னா நகருக்கு மேலே 1970களில் வெள்ளத்தடுப்புக்கென்றே கட்டிய இரண்டு அணைகள் 2023 செப்டம்பர் 10, 11 நடு இரவில் உடைந்தன. தூங்கிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கானவர்கள் இறந்துபோனார்கள். அணை உடைந்தால் தண்ணீர் எந்த வீடு வரை வரும் என்ற வரைபடம் உங்களிடம் இல்லையென்றால் அரசின் அணைப் பாதுகாப்புத் துறையிடம் எழுத்தில் கேளுங்கள். கலிங்கை அகலப்படுத்துவதற்கான நிதியைக் கேட்கவும் அந்த வரைபடம்தான் பிடிமானம்.

ஆக, கையில் இருப்பது குறைவு என்றால் என் வரிசை இது: கலிங்கையும் மதகு வாயையும் சுத்தம் செய்வது, செடிகளை வெட்டுவது, கசிவை அளக்கத் தொடங்குவது. இவற்றுக்கு ஆள் பலம் போதும். அடுத்து கேமராவும் உச்சி மட்ட அளவும். அதன் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு பெரிய மரம், குழாய், வடிகட்டி. சுற்றுச்சுவர், படிக்கட்டு, பெயர்ப்பலகைக்கு வர்ணம் எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற வேலை என்பதால் குழுக்கள் முதலில் அதில் பணத்தைப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். மனசு கேட்காது.

வெள்ள இரவுக்கு இரண்டு பேர் போதும், ஆனால் பெயர் சொல்லி முடிவு செய்திருக்க வேண்டும், ஒருவர் ஊரில் இல்லாவிட்டால் யார் என்பதும் உட்பட. தண்ணீர்ப் பக்கத்தில் ஒரு அளவுக்கம்பம் நட்டு, மூன்று மட்டங்களில் வர்ணம் அடித்துவிடுங்கள். முதல் மட்டம் வந்தால் இருவரும் கரைக்கு வர வேண்டும். இரண்டாவது வந்தால் மணி நேரத்துக்கு ஒருமுறை வெளிச்சரிவு முழுக்க டார்ச் அடித்து நடக்க வேண்டும். மூன்றாவது வந்தாலோ, கசிவு கலங்கலாக மாறினாலோ, மேலதிகாரியின் அனுமதிக்குக் காத்திராமல் கீழே உள்ள வீடுகளை எழுப்ப வேண்டும். கொப்புளிக்கும் ஊற்று தெரிந்தால் மணல் மூட்டைகளை வளையமாக அடுக்கி, உள்ளே மணலும் சரளையும் போட்டு, தண்ணீர் தெளிவாக வழிய விடுங்கள். கரையின் அடியைத் தோண்டவே தோண்டாதீர்கள்.

வெள்ளம் வடிந்த பிறகு பயத்தில் மதகை முழுக்கத் திறந்து ஒரே நாளில் அணையைக் காலி செய்யவும் வேண்டாம். ஊறிய மண்ணுக்கு எதிரே முட்டுக்கொடுத்த தண்ணீர் சட்டென்று இறங்கினால் உட்பக்கச் சரிவு சறுக்கும். ஆபத்து எதுவும் தெரியாத சமயத்தில் நாளைக்கு 30 செ.மீ. அளவில் இறக்கினால் போதும். கரை உடையும் அறிகுறி இருந்தால் மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது, அப்போது எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக இறக்குங்கள்.

கேமராவில் என்ன தெரிந்தது, குழாய் எந்த வகை, பாட்டிலில் படிவு இருந்ததா என்பதை எழுதுங்கள். குழாயைச் செருகுவதா வெட்டி எடுப்பதா என்பதை அதைப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும்.